பேஸ்மேக்கர் லீட் (பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர்) போட எந்தச் சிரை? செபாலிக்கா, ஆக்ஸிலரியா, பழைய சப்கிளேவியனா?

மரிட்ஸ்பர்க் ரெஜி:

எல்லாருக்கும் வணக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இதுவரை பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்களுக்குத் தற்காலிக வயர் ஒன்றைப் போட்டு, என்3 சாலையில் ஆம்புலன்ஸ் ஏற்றி டர்பனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே படுக்கை கிடைப்பதற்குள் இங்கே தற்காலிக வயரே நகர்ந்துவிடும். இனி சிக்கல் இல்லாத கேஸ்களை நாமே வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

எனக்குக் கை பழகியது சப்கிளேவியன் பங்க்சர். காரை எலும்புக்குக் கீழே ஊசி, கழுத்துக்குழியை நோக்கிக் குறி, கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தால் வயர், அதன் மேலே ஷீத் என்கிற உறைக்குழாய். ஐந்து நிமிட வேலை. ஆனால் இப்போது எதைப் படித்தாலும் அதை விடு என்கிறார்கள். ஒரு கட்சி செபாலிக் கட்டவுன் (தோள் முன்பக்கச் சிரையைக் கீறித் திறப்பது) என்கிறது, இன்னொரு கட்சி அல்ட்ராசவுண்ட் வைத்து ஆக்ஸிலரி (அக்குள் சிரை) என்கிறது. எங்களிடம் ஒரு சி-ஆர்ம் (நேரடி எக்ஸ்ரே கருவி) இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் மயக்க மருந்துத் துறையினுடையது, கேட்டு வாங்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் முழு ஹார்ட் பிளாக்கோடு (இதய மேலறைத் துடிப்பு கீழறைக்கு வராத நிலை) வரும் ஒல்லியான பாட்டிகள். ருமாட்டிக் வால்வு மாற்றி வார்ஃபரினில் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து) இருப்பவர்களும் உண்டு. எதிலிருந்து ஆரம்பிப்பது?

செபாலிக் சித்தர்:

தம்பி, ஐந்து நிமிடம் என்கிற கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். ஊசி போகிற நேரத்தைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். லீட் அந்த இடத்தில் பத்து, பதினைந்து வருடம் கிடக்கப்போகிறது. அதை வைத்துத்தான் சிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்பக்கமாக, காரை எலும்பும் முதல் விலாவும் நெருங்குகிற இடத்தில் குத்தினால் லீட் சப்கிளேவியஸ் தசையையும் காஸ்டோக்ளாவிக்குலர் லிகமென்டையும் துளைத்துக்கொண்டு போகும். அந்த அம்மா துணி துவைத்துக் கொடியில் போடக் கையைத் தூக்கும்போதெல்லாம் இரண்டு எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே அது நசுங்கும். கதவிடுக்கில் மாட்டிய சார்ஜர் வயர் கதை. முதலில் மேலுறை கிழியும், அப்புறம் உள்ளே கம்பி உடையும். இதைத்தான் சப்கிளேவியன் க்ரஷ் என்கிறோம். உடைந்த பழைய லீடை வெளியே எடுப்பது சாதாரணக் காரியமில்லை. சிரைச் சுவரோடு ஒட்டிப் போயிருக்கும், எடுக்கும்போது உயிருக்கே ஆபத்து வரலாம்.

செபாலிக் வழியாகப் போனால் அந்த இடுக்கே வழியில் இல்லை. ஊசி நுரையீரல் பக்கமே போவதில்லை என்பதால் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது) பயமும் இல்லை. லிட்டில்ஃபோர்ட் 1979-இல் உரித்து எடுக்கிற ஷீத்தோடு சப்கிளேவியன் பங்க்சரைக் கொண்டுவருவதற்கு முன்னால் எல்லாரும் சிரையைத் திறந்துதான் வைத்தார்கள். சுலபமாக இருக்கிறதே என்று உலகமே பங்க்சர் பக்கம் சாய்ந்தது. அந்தச் சுலபத்துக்கான பில் பத்து வருடம் கழித்து லீட் உடைந்தபோது வந்தது.

உம்லங்கா ஈபி:

சித்தர் சாரோடு பாதி ஒத்துப்போகிறேன். உள்பக்க சப்கிளேவியனுக்கு இனி முதலிடம் இல்லை. 2021-இல் வந்த ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் பேசிங் வழிகாட்டியும் செபாலிக் அல்லது ஆக்ஸிலரியை முதல் தேர்வாகக் கொள்ளவே சொல்கிறது. கவனியுங்கள், அந்த ‘அல்லது’ அங்கே இருக்கிறது.

ரெஜி சொன்ன ஒல்லிப் பாட்டிகளைப் பற்றி ஒரு கணக்கு. டென்மார்க்கில் 28,860 பேரைக் கொண்ட தேசியப் பதிவேட்டை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். குழாய் போட்டுக் காற்றை எடுக்கிற அளவுக்கு நியூமோதோராக்ஸ் வந்தவர்கள் 0.66 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது? பெண்கள், 80 வயதைத் தாண்டியவர்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள். சப்கிளேவியன் பங்க்சர் செய்யப்பட்டவர்களுக்கு செபாலிக்கை விடப் பல மடங்கு. மரிட்ஸ்பர்க் ரெஜியின் வார்டில் அப்படியே படுத்திருப்பது அந்தப் பட்டியல்தான்.

ஆனால் செபாலிக் எல்லாருக்கும் கிடைக்காது. சிலருக்கு நூல் மாதிரி இருக்கும், சிலருக்கு வளைந்து நெளிந்து வயரை விடாது, சிலருக்குத் தொட்டவுடன் சுருங்கிவிடும். நாலைந்து பேரில் ஒருவருக்காவது வேறு வழிக்குப் போக வேண்டிவரும். அந்த நேரத்தில் கையில் ஆக்ஸிலரி இல்லாதவர் என்ன செய்வார்? பழகிய சப்கிளேவியனுக்கே திரும்புவார். அதனால்தான் ஆக்ஸிலரியை முதலில் பழகுங்கள் என்கிறேன்.

கேத்லேப் காமாட்சி:

நான் டாக்டர் இல்லை, டெக்னாலஜிஸ்ட். செக்கப்புக்கு வரும் பேஸ்மேக்கரைப் புரோகிராமரில் வைத்துப் பார்க்கிற ஆள். நசுங்கின லீட் எப்படி இருக்கும் என்று நீங்கள் எல்லாரும் எக்ஸ்ரேயில் பார்ப்பீர்கள், நான் எண்ணில் பார்ப்பேன். உறை கிழிந்தால் இம்பிடன்ஸ் (லீடின் மின்தடை) சரியும், கம்பி உடைந்தால் எகிறும். ஆரம்பத்தில் இரண்டும் இருக்காது, படுத்திருக்கும்போது எல்லாம் சரியாகவே காட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வேன், எதிர்த் தோளைத் தொடச் சொல்வேன். அப்போது திரையில் சரசரவென்று நாய்ஸ் வரும். பேஸ்மேக்கர் அதை இதயத் துடிப்பு என்று நினைத்துப் பேசிங்கை நிறுத்தும். சொந்தத் துடிப்பு இல்லாத ஆளாக இருந்தால் அங்கேயே தலை சுற்றும். பக்கத்தில் ஆள் நிற்காமல் இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. அல்ட்ராசவுண்ட் வாங்கும்போது லீனியர் புரோப் வருகிறதா என்று பாருங்கள். எக்கோ மெஷினில் இருக்கும் இதயப் புரோப் ஆழத்தில் இருப்பதைக் காட்டத்தான் லாயக்கு. தோலுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கிற சிரைக்கு அது உதவாது. எங்கள் இடத்தில் இதைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது, அதை விடுங்கள்.

மரிட்ஸ்பர்க் ரெஜி:

நன்றி காமாட்சி அக்கா, புரோப் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. லீனியர் இருக்கிறது, மயக்க மருந்துக்காரர்கள் கழுத்துச் சிரைக்கு வைத்திருக்கிறார்கள்.

சித்தர் சார், செபாலிக்கைத் தேடுகிறபோதே நேரம் போய்விடுகிறது என்பதுதான் என் பயம். நீங்கள் எப்படித் தேடுவீர்கள்?

செபாலிக் சித்தர்:

தேடுவது இல்லை, அது இருக்கிற இடத்துக்குப் போவது. தோளுக்கு முன்னால் கோரகாய்டு முனையை (தோள்பட்டை எலும்பின் துருத்தல்) விரலால் தொட்டுப் பாருங்கள். அதற்குச் சற்று உள்ளே டெல்டாய்டு தசையும் பெரிய மார்புத் தசையும் சந்திக்கிற பள்ளம். கீறல் அங்கே. தோலைத் தாண்டியதும் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு தசைகளின் நார்களும் வெவ்வேறு திசையில் ஓடும், நடுவே மஞ்சளாக ஒரு கொழுப்புக் கோடு தெரியும். சிரை அந்தக் கொழுப்புக்குள். பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட ஆழத்தில். புதிதாகச் செய்கிறவர்கள் மார்புத் தசைக்குள் போய்த் தேடிவிட்டு, சிரை இல்லை என்று எழுதிவைப்பார்கள். கொழுப்பைப் பின்தொடர்ந்தால் கிடைக்கும். கூடவே ஒரு சின்னத் தமனியும் வரும், அதைக் கிழித்து வைக்காதீர்கள்.

சிரையைச் சுற்றியிருக்கும் மெல்லிய திசுவைச் சுத்தமாக எடுத்து, கீழே ஒரு நூல், மேலே ஒரு நூல். கீழ் நூலைக் கட்டுங்கள், மேல் நூலைப் பிடித்து மட்டும் வைத்திருங்கள். நுனிக் கத்தரியால் பாதி அகலத்துக்கு மேல் வெட்ட வேண்டாம், முழுதும் அறுந்தால் உள்ளே சுருண்டு ஓடிவிடும். வாயைச் சின்னக் கொக்கியால் தூக்கிப் பிடித்து லீடை நேராக விடலாம். போகவில்லை என்றால் ஹைட்ரோஃபிலிக் வயர். அந்த வழுக்கு வயர் வந்த பிறகு செபாலிக்கின் கதையே மாறிவிட்டது. முன்பு கைவிட்ட சிரைகளில் பாதி இப்போது வேலைக்கு ஆகிறது. வயர் மேல் ஷீத்தை ஏற்றினால் இரண்டாவது வயரையும் அதே வழியில் விட்டுவைக்கலாம், இரண்டு லீடும் ஒரே சிரையில் போகும்.

சிரை சுருங்கிவிட்டதா? இழுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சலைன் ஓடட்டும். முக்கால்வாசி நேரம் நாம்தான் நோயாளியை நள்ளிரவிலிருந்து பட்டினி போட்டு, மத்தியானம் மேசைக்குக் கொண்டுவருகிறோம். சிரை எங்கிருந்து தெரியும்?

உம்லங்கா ஈபி:

பட்டினி விஷயத்தில் சித்தருக்கு என் ஓட்டு. பங்க்சருக்கும் அதேதான். காலுக்குக் கீழே ஒரு முக்கோணத் தலையணை, முன்கூட்டியே சலைன், சிரை நிறைந்து நிற்கும்.

சரி, ஆக்ஸிலரி. பெயர்தான் வேறே தவிர குழாய் ஒன்றுதான். முதல் விலாவின் வெளி ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் அதே சிரை சப்கிளேவியன் ஆகிறது. நாம் குத்த வேண்டியது நெஞ்சுக்கூட்டுக்கு வெளியே இருக்கும் பகுதியை. அங்கே காரை எலும்பின் இடுக்கு இல்லை.

ஃப்ளூரோவில் (சி-ஆர்மின் நேரடி எக்ஸ்ரேயில்) செய்வதென்றால் முதல் விலாவைத் தெளிவாகப் பாருங்கள். புதியவர்கள் இரண்டாவது விலாவை முதல் விலா என்று எடுத்துக்கொள்வது நடக்கிற தப்பு. ஊசி நுனி எப்போதும் விலா எலும்பின் நிழலுக்கு மேலேயே இருக்க வேண்டும். பின்னால் எலும்பு இருக்கும்வரை ஊசி ஆழமாகப் போனாலும் எலும்பில்தான் முட்டும், நுரையீரலுக்குப் போகாது. நிழலின் உள் ஓரத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. சி-ஆர்மைக் கால் பக்கமாக 30, 35 டிகிரி சாய்த்தால் ஊசி எவ்வளவு ஆழம் போகிறது, நுரையீரல் எங்கே தொடங்குகிறது என்பது பிரிந்து தெரியும். எங்கே குத்துவது என்று சந்தேகம் வந்தால் அதே பக்கக் கையில் 10 மில்லி கான்ட்ராஸ்ட் கொடுத்து வெனோகிராம் (சிரையின் எக்ஸ்ரே படம்) எடுங்கள். சிரை அடைத்திருந்தாலும் தெரியும், கருவிலேயே மறைய வேண்டிய இடப்பக்க மேற்பெருஞ்சிரை தங்கிப்போனவராக இருந்தாலும் தெரியும். ஆயிரத்தில் மூன்று, நான்கு பேருக்கு அது இருக்கும். லீட் பாதி வழி போன பிறகு அதைக் கண்டுபிடிப்பது சுகமான அனுபவம் இல்லை.

அல்ட்ராசவுண்டில் செய்வதென்றால் சிரையும் தமனியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். புரோபால் லேசாக அழுத்துங்கள், சிரை நசுங்கும், தமனி துடித்துக்கொண்டே வட்டமாக நிற்கும். முதலில் குறுக்குவெட்டில் அடையாளம் கண்டு, அப்புறம் புரோபைத் திருப்பி நீளவாக்கில் ஊசி முழுவதையும் பார்த்துக்கொண்டே போங்கள். நுனி தெரியாமல் ஒரு மில்லிமீட்டர்கூட முன்னே தள்ளாதீர்கள். ஊசியைச் செங்குத்தாக இறக்கினால் சிரை கிடைக்கும், ஆனால் லீட் அந்த இடத்தில் மடங்கும். படுக்கை வசமாக நுழையுங்கள். நோயாளி ஆழமாக மூச்சிழுத்தால் சிரை அப்படியே அமுங்கி மறைவதும் திரையில் தெரியும், அந்த நேரத்தில் குத்தாதீர்கள்.

கேத்லேப் காமாட்சி:

மூச்சு என்றதும் ஒன்று. மயக்கம் கொடுத்த ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது ஷீத்திலிருந்து டைலேட்டரை (உள்ளே இருக்கும் விரிப்பானை) எடுத்தால் காற்று உள்ளே இழுக்கும். ஷீத் வாயைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். நம் வார்டில் பாதிப் பேர் ஸூலு பேசுகிறவர்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்வதை, ஸூலு தெரிந்த சிஸ்டரை வைத்து மயக்கத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை பழக்கிவிடுங்கள். மேசையில் வைத்து ஆங்கிலத்தில் கத்தினால் பயந்துபோய் இன்னும் ஆழமாக இழுப்பார்கள்.

மரிட்ஸ்பர்க் ரெஜி:

வார்ஃபரின் கேஸ்களை என்ன செய்கிறீர்கள்? இங்கே இன்னும் வார்ஃபரினை நிறுத்தி ஹெப்பரின் போடுகிற வழக்கம் இருக்கிறது.

உம்லங்கா ஈபி:

அந்த வழக்கத்தை நிறுத்துங்கள். 2013-இல் வந்த புரூஸ் கன்ட்ரோல் ஆய்வில், ஹெப்பரினுக்கு மாற்றியவர்களில் 16 சதவீதம் பேருக்குப் பாக்கெட்டில் (தோலுக்கடியில் பேஸ்மேக்கர் பெட்டி இருக்கும் இடம்) பெரிய ரத்தக்கட்டு. வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 சதவீதம்தான். ரத்தக்கட்டு வந்த பாக்கெட்டில் கிருமி சுலபமாகக் குடியேறும். வார்ஃபரின் ஓடட்டும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) மட்டும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கை வால்வு உள்ளவருக்கு நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

இங்கேயும் சிரைத் தேர்வு முக்கியம். உள்பக்க சப்கிளேவியனில் தவறித் தமனியைக் குத்தினால் காரை எலும்புக்குப் பின்னால் எங்கே அழுத்துவது? ஆக்ஸிலரியில் ஓரளவு அழுத்திப் பிடிக்கலாம். வார்ஃபரின் ஆளுக்கு நானே செபாலிக்கைத்தான் முதலில் பார்ப்பேன். சித்தர் சந்தோஷப்படட்டும்.

செபாலிக் சித்தர்:

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாட்ஸ்வொர்த் பிள்ளை:

டாக்டர்மாருக்கு வணக்கம். நான் மருத்துவத்துறை இல்லை, தேடும்போது இந்த இழை கிடைத்தது. என் அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை, சிறுநீரகம் போய் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்தது). இப்போது இதயம் மெதுவாக அடிக்கிறது, பேஸ்மேக்கர் வேண்டும் என்கிறார்கள். வழக்கமாக இடப் பக்கம்தான் வைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். ஃபிஸ்டுலாவுக்கு ஏதாவது ஆகுமா? இன்னொரு கேள்வி, சிரிக்காதீர்கள். அப்பா வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். இனி முடியுமா?

உம்லங்கா ஈபி:

சிரிக்க ஒன்றுமில்லை ஐயா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். வலது கைக்காரர்களுக்கு இடப் பக்கம் வைப்பது வழக்கம், உண்மை. ஆனால் ஃபிஸ்டுலா இருக்கும் பக்கம் லீட் போட்டால், நாளடைவில் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரை சுருங்கலாம். டயாலிசிஸ் ரத்தம் திரும்புகிற வழி அதுதான். கை வீங்கும், ஃபிஸ்டுலாவே வீணாகலாம். அதனால் எதிர்ப்பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். முன்பு கழுத்திலோ நெஞ்சிலோ டயாலிசிஸ் குழாய் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அங்கேயும் சிரை சுருங்கியிருக்கலாம்.

இன்னொரு வழி லீட் இல்லாத பேஸ்மேக்கர். தொடைச் சிரை வழியாக உள்ளே கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே விட்டுவிடுவது. மைக்ரா என்பது 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோள் பக்கச் சிரைகள் எதையும் தொடாது, பாக்கெட்டும் இல்லை என்பதால் டயாலிசிஸ் ஆட்களுக்குப் பொருத்தம். விலைதான் இடிக்கும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எல்லாருடைய இதயக் கோளாறுக்கும் அது பொருந்தாது, அப்பாவின் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

செபாலிக் சித்தர்:

காவடிக்கு நான் பதில் சொல்கிறேன், டர்பனில் தைப்பூசக் காலத்தில் இது வருடா வருடம் வருகிற கேள்வி. லீட் வைத்தால் முதல் சில வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, கனமும் தூக்கக் கூடாது. லீட் இதயத்துக்குள் பிடித்துக்கொள்கிற காலம் அது. அப்புறமும் காவடித் தண்டு பேஸ்மேக்கர் இருக்கும் தோளில் உட்காரக் கூடாது. காரை எலும்பின் மேல் பாரம் ஏற ஏற, நான் மேலே சொன்ன அதே இடுக்குதான் நெருங்கும். பெட்டியின் மேல் தோலும் உரசித் தேயும். நெஞ்சில் வேல் குத்துவது, ஊக்கு மாட்டுவது வேண்டவே வேண்டாம். தோலில் இருக்கும் கிருமி பாக்கெட்டுக்குள் போனால் பெட்டி, லீட் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும். அப்பாவுக்கு டயாலிசிஸ் வேறு. பால்குடம் எடுக்கலாம், இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து, சின்னக் குடமாக. முருகன் கணக்குப் பார்ப்பவன் இல்லை.

சாட்ஸ்வொர்த் பிள்ளை:

ரொம்ப நன்றி டாக்டர். பால்குடம் என்றால் அப்பா கொஞ்சம் முறைப்பார், அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்கிறேன். வலப் பக்கம் பற்றி நாளைக்கே கேட்கிறேன்.

மரிட்ஸ்பர்க் ரெஜி:

என் திட்டம் இது, தப்பிருந்தால் சொல்லுங்கள். கீறல் டெல்டோபெக்டோரல் பள்ளத்தில். முதலில் செபாலிக். வயர் போகவில்லை என்றால், அதே கீறலுக்குள்ளிருந்து ஆக்ஸிலரி பங்க்சர், லீனியர் புரோபோடு. புரோப் கிடைக்காத நாளில் ஃப்ளூரோ, விலா நிழலைத் தாண்டாமல். எல்லாருக்கும் கேஸுக்கு முன்னாலேயே அந்தப் பக்கக் கையில் ஒரு ஐவி லைன், வெனோகிராம் தேவைப்பட்டால் தயாராக இருக்கட்டும். பழைய சப்கிளேவியன் கடைசி வழியாக மட்டும்.

உம்லங்கா ஈபி:

நல்ல வரிசை. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரியை அவசரத்தில் முதன்முறையாகச் செய்யாதீர்கள். செபாலிக் கிடைக்கிற கேஸ்களிலும் தோல் வெட்டுவதற்கு முன் புரோபை வைத்துச் சிரையைப் பார்த்துப் பழகுங்கள், ஊசி வேண்டாம். எவ்வளவு ஆழம், தமனி எந்தப் பக்கம், மூச்சுக்கு எப்படி மாறுகிறது என்று கண்ணுக்குப் பழகிவிடும். செபாலிக் எவ்வளவு தடிமன் என்பதும் அப்போதே தெரியும், வெட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு லீட் என்றால் இரண்டு தனிப் பங்க்சர். ஒரே துளையில் போட்டால் ஒன்றை நகர்த்தும்போது மற்றதும் நகரும்.

செபாலிக் சித்தர்:

வரிசை சரி. முதல் சில கேஸ்களுக்கு டர்பனிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து பக்கத்தில் நிற்கட்டும், வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு மணி நேரப் பயணம்தான்.

கேத்லேப் காமாட்சி:

கேஸ் முடிந்ததும் நெஞ்சு எக்ஸ்ரே நிச்சயம், செபாலிக்காக இருந்தாலும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அந்தப் படத்தையும் அன்றைய இம்பிடன்ஸ் எண்ணையும் எந்தச் சிரை என்பதையும் நோயாளியின் கார்டிலேயே எழுதிக்கொடுங்கள். ஐந்து வருடம் கழித்து என் மாதிரி ஒருத்தி முன்னால் வந்து உட்காரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது. சி-ஆர்ம் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று மின் பிரிவைக் கேட்டுவையுங்கள். லோட் ஷெடிங் இல்லாத மாதத்திலேயே கேளுங்கள்.

மரிட்ஸ்பர்க் ரெஜி:

கேட்டேன் அக்கா. அந்த அறையில் ஒரே ஒரு பிளக்தான் ஜெனரேட்டரில் இருக்கிறதாம், அதில் இப்போது ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்கிறது. நாளைக்கு அதற்கு ஒரு கடிதம்.